புகழும் கல்லும்

தம் பெயர் தம் உடலோடு அழிந்துவிடலாகாது என்று மனிதர் விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தின் சான்றாகவே உலகெங்கும் கற்கள் எழுத்தைச் சுமந்து நிற்கின்றன. எச்செயலைப் புகழென்று கருதி அதைக் கல்லில் பொறித்தார்கள் என்று வினவும்போது, பொறித்தவரின் உள்ளமும் அவர் வாழ்ந்த காலத்தின் மதிப்பீடும் நமக்குப் புலனாகின்றன. அவ்வகையில் இருவேறு கற்களை ஒப்பிட்டு எண்ணிப் பார்ப்போம்.

முதற்கல், வடநாட்டில் வாழும் நம்மவர் பலர் விடுமுறைக் காலங்களில் கண்டிருக்கக் கூடியதே. ராஜஸ்தானத்துப் பரத்பூரில், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கேவலாதேவ் பூங்காவினுள் கற்பலகைகள் சில உள்ளன. சமஸ்தானத்து மன்னரின் விருந்தினராக எவர் வந்தார், எந்நாளில் வந்தார், அன்று எத்தனை பறவைகள் வீழ்த்தப்பட்டன என்பவற்றை அவை வரிசையாக உரைக்கின்றன. அவற்றுள் மிகப் பெரிய எண், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்த 1938 நவம்பர் 12-ஆம் நாளுக்குரியது. அந்த ஒரே நாளில் மடிந்த பறவைகள் 4,273.

குளிர்காலந்தோறும் மத்திய ஆசியாவின் தொலைதூர நிலங்களிலிருந்து மலைகளைக் கடந்து இரையும் நீரும் தேடி அந்நீர்நிலைக்கு வாத்துகளும் பிறவும் வருகின்றன. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, அப்பறவைகளின் வருகை வெறும் காட்சியன்று. வந்தாரைப் பேணுதலை வாழ்வின் பயனாகக் கொண்ட மரபு நம்முடையது. அங்கோ, மாளிகை விருந்தினரை மகிழ்விக்க நீர்நிலையின் விருந்தினர் பலியாயினர். பலகையில் எஞ்சியது எண்ணிக்கை ஒன்றே.

இரண்டாவது கல் நம் தாயகத்தைச் சார்ந்தது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் இத்தகைய நடுகற்கள் பலவுண்டு. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கும், ஊரையும் தொழுவத்தையும் காக்கப் புலியோடு பொருது இறந்தவனுக்கும் மக்கள் எடுத்த கற்கள் அவை. கொங்கு நாட்டில் புலிகுத்திக்கல் என்றே ஒரு வகைக்குப் பெயர் வழங்குகிறது. 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், செங்கம் பகுதியின் எடுத்தனூரில் நடப்பட்ட கல்லொன்று இன்னும் வியப்புக்குரியது. அதில் மாண்ட வீரனோடு அவன் வளர்த்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு மறவாது குறிக்கிறது.

இவ்விரண்டு கற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? புலிகுத்திக்கல்லிலும் ஒரு விலங்கு கொல்லப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அங்கு மனிதன் தன் உயிரைப் பணயமாக வைத்தான். அதையும் பிறர்பொருட்டு வைத்தான். தன்னால் இயன்றதைக் கொடுத்தவன் என்பதற்காகவே ஊர் அவனைத் தொழுதது. பரத்பூர்ப் பலகையில் எவரும் எதையும் கொடுக்கவில்லை. எடுத்ததன் கணக்கு மட்டுமே உண்டு. ஒரு நாய்க்குக்கூடப் பெயர் சூட்டிச் சிறப்புச் செய்த கல் ஒருபுறம். ஆயிரக்கணக்கான உயிர்களை ஓர் இலக்கமாகச் சுருக்கிய கல் மறுபுறம். வீரம் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தல் தகுமோ?

பெருமைக்காக விலங்கைக் கொன்று, அதன் தலையையோ தோலையோ கொம்பையோ கூடத்தில் மாட்டி வைக்கும் வழக்கத்தை ‘டிராபி வேட்டை’ என்பர். பசிக்காகவோ பயிரைக் காக்கவோ செய்யும் வேட்டையினின்று இது வேறுபட்டது. இதன் விளைவை நம் நாடு நன்கறியும். இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்தின் மன்னர், 1947-இல் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். இந்நாட்டில் பதிவானவற்றுள் அவையே இறுதியானவை எனக் கருதப்படுகின்றன. 1952-இல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில், நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளை விமானத்தில் ஏற்றி மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொணர நேர்ந்தது. சுடுவதற்குச் சில நொடிகள் போதும். மீட்பதற்கோ தலைமுறைகளின் உழைப்பு வேண்டும்.

இவ்வேட்டைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் நாம் நேர்மையோடு எடைபோடுதல் வேண்டும். வேட்டைக்காரர் செலுத்தும் பெருந்தொகை காட்டைக் காக்க உதவுகிறது என்பர். பாகிஸ்தானின் வடமலைகளில் மார்க்கோர் என்னும் திருகுகொம்பு ஆட்டைச் சுட வெளிநாட்டார் கட்டும் தொகையில் 80 விழுக்காடு ஊராருக்குச் சேர்கிறது. அதனால் ஊரார் அவ்வினத்தைக் காத்துப் பெருக்கியுள்ளனர். இதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அங்கு ஆட்டைக் காத்தது ஊராரின் காவலேயன்றித் துப்பாக்கியன்று. துப்பாக்கி கொணர்வது பணம் மட்டுமே. அப்பணத்தை உலகம் வேறு வழியில் தர முன்வருமாயின், துப்பாக்கிக்கு அங்கு வேலையில்லை.

மேலும், வேட்டைக்காரரின் கண் நோயுற்றதையும் முதிர்ந்ததையும் நாடுவதில்லை. பெருங்கொம்பையும் அடர்ந்த பிடரியையும் நாடுகிறது. 2015-இல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே காட்டைச் சார்ந்த செசில் என்னும் சிங்கம் வேட்டைக்கு இரையானபோது உலகமே கொதித்தெழுந்தது. கூட்டத்தைக் காக்கும் ஆண்சிங்கம் வீழ்ந்தால், புதிதாய் வந்து சேரும் ஆண்சிங்கங்கள் பெரும்பாலும் அதன் குட்டிகளைக் கொன்றுவிடும் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. சுவரில் தொங்கும் தலை ஒன்று. அதன்பின் மறையும் உயிர்கள் பல.

நம் நாடு வேறு பாதையைத் தேர்ந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. 1972-இன் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த புலிகள் 1,827. 2022-இன் மதிப்பீட்டில் 3,682. கணக்கிடும் முறைகள் மாறியிருப்பினும், புலியின் தலையை விலைபேசாமலேயே புலியைக் காக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும். எனினும் சட்டத்தால் மட்டும் அறம் நிறைவுறுவதில்லை. 2005-இல் சரிஸ்கா காட்டில் கள்ள வேட்டையால் ஒரு புலியும் எஞ்சவில்லை என்ற செய்தி நாட்டை அதிரவைத்தது. அதே பரத்பூரில், 1982-இல் மேய்ச்சலுக்குத் தடை விதிக்கப்பட்டபோது எழுந்த கலவரத்தில் கிராமத்தார் சிலர் காவலரின் குண்டுக்கு இரையாயினர். மன்னர்கள் விளையாடிய நிலத்தில், மாடு மேய்த்தவன் உயிரிழந்தான். காவலின் சுமை முழுவதையும் ஏழையின் தோளில் ஏற்றிவிட்டு, விலங்குகளைக் காத்தோம் என்று நாம் பெருமை கொள்ளலாகாது. நகரில் வாழும் நாமும் அச்சுமையில் நமக்குரிய பங்கை ஏற்றல் வேண்டும்.

நம் பிள்ளைகள் தாய்மண்ணின் நடுகற்களைக் காணும் வாய்ப்பு அரிது. பரத்பூர்ப் பலகையையோ எளிதில் காண்பர். அப்பலகையின் முன் அவர்களை நிறுத்தி, அதிலுள்ள எண்களைப் படிக்கச் செய்வோம். பின்னர்க் கோவிவனின் கதையையும் சொல்வோம். எது புகழ் என்று அவர்களே முடிவு செய்யட்டும். இருவகைக் கற்களையும் அறிந்த பிள்ளை, துப்பாக்கியேந்தி விலங்கின் உடல்மீது கால்வைத்து நிற்பவரின் படத்தைக் கண்டு வியக்காது; அவர் எதைக் கொடுத்தார் என்றே கேட்கும்.