விற்பதா, கட்டுவதா?



ஏழு வருஷமாக எங்கள் வீட்டில் ஓயாமல் நடந்த ஒரு விவாதத்தை இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அதன்மேல் வீடு இல்லை, எரிந்துபோய்விட்டது. மனையை விற்றுவிடலாம் என்பது என் கட்சி. திரும்பவும் கட்டவேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. இரண்டு பேரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டே சண்டை போட்டிருக்கிறோம். வெட்கத்தோடுதான் இதைச் சொல்லுகிறேன்.

ஊரின் பெயர் பாரடைஸ். பரதீசு என்று வேதத்தில் வாசிக்கிறோமே, அதே வார்த்தை! கலிபோர்னியாவின் வடபகுதியில், இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிற ஒரு மலைமுகடு. எங்கு பார்த்தாலும் பைன் மரங்கள். மற்ற ஊர்களைவிட வீட்டு விலை குறைவாக இருந்தபடியால் ரிட்டையர் ஆனவர்கள் நிறையப்பேர் அங்கே வந்து தங்கியிருந்தார்கள். என் மனைவி நர்ஸ். அவளுடைய வேலைக்காகத்தான் அந்தப் பக்கம் போனோம். 2009இல் பாங்க் கடன் போட்டு, பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு மரவீடு வாங்கினோம். பின்கட்டில் நின்றால் கீழே வெகுதூரம் பச்சையாகத் தெரியும். அந்தக் காட்சிக்காகவே அந்த வீட்டை எடுத்தோம். அதே விளிம்புதான் பிறகு எங்களுக்குப் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை. காலை ஆறரை மணி சுமாருக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மின்கம்பித் தடத்தில் நெருப்பு பற்றியது. (அந்த மின்சாரக் கம்பெனி 2020இல் 84 பேருடைய மரணத்துக்குக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.) காற்று அப்படிப்பட்ட காற்று. எட்டு மணிக்கெல்லாம் தீ ஊருக்குள் வந்துவிட்டது. கீழே இறங்கப் பெரிய சாலை ஸ்கைவே ஒன்றுதான், மற்றவை குறுகலானவை. சிக்கோ நகரத்துக்கு அரைமணி நேரத்தில் போகிற பாதையில் அன்றைக்கு எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது. பகல் பத்து மணிக்கு நடுராத்திரி போல இருட்டு. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். என் மனைவி பக்கத்தில் இருந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள், நடுவில் சத்தம் நின்றுபோச்சு. திரும்பிப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின. சுமார் 26,000 பேர் இருந்த ஊரில் 2020ஆம் வருஷக் கணக்கெடுப்பின்போது 4,764 பேர்தான் இருந்தார்கள்.

இன்சூரன்ஸ் பணத்தில் முதலாவது பாங்க் தன் பாக்கியை எடுத்துக்கொண்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு சிக்கோவில் வாடகைக்கு இருந்தோம். முழுவதும் அழிந்துபோன வீட்டுக்கு வரும் பணத்தை அதே மனையில்தான் போடவேண்டும் என்று அங்கே சட்டமில்லை, வேறு இடத்தில் வீடு வாங்கவும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே வழி திறந்துதான் இருந்தது. எந்த வழி என்பதில்தான் நாங்கள் ஒருமனப்படவில்லை.

"ராஜாவே வந்து கேட்டும் நாபோத் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்கலையே. நீங்க ஒரு புரோக்கர் லெட்டரைப் பாத்ததும் வித்துடலாம்ங்கிறீங்க" என்பாள்.

"நாபோத்துக்கு அது பிதாக்களின் சுதந்தரம். நமக்கு அது பாங்க்காரனுடைய சுதந்தரம்" என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய உண்மையான காரணம் நாபோத் அல்ல, எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு வயதான அம்மா. நாற்பது வருஷமாக அங்கேயே வாழ்ந்தவர்கள். 2021இல் அதே இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். தீக்குப்பின் ஊரின் தண்ணீர்க்குழாய்களில் பென்சீன் என்ற விஷம் கலந்திருந்தது. மாதக்கணக்கில் பாட்டில் தண்ணீர்தான். அதையெல்லாம் சரிசெய்கிற செலவு, பள்ளிக்கூடம், கடை, எல்லாமே திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. "எல்லாரும் பணத்தை வாங்கிட்டுக் கீழே போயிட்டா அந்தம்மா யாரோட இருப்பாங்க?" என்று கேட்டாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. போதாததற்கு எங்கள் காலி மனையில் வருஷாவருஷம் புல் இடுப்பளவு வளரும். கோடையில் அந்த அம்மா போன் பண்ணுவார்கள்: "உன் புல்லு காஞ்சிருக்கு தம்பி." (இங்கிலீஷில்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் அப்படித்தான் விழும்.) எங்கள் தாமதமே அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது.

என் கட்சிக்கும் பலம் இல்லாமல் இல்லை. 2008இலேயே ஒரு தீ வந்து ஊரின் ஒரு பகுதியைக் காலிபண்ண வைத்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் நாங்கள் வீடு வாங்கினோம்! பிறகு 2018. 2024 ஜூலையில் சிக்கோவின் பூங்காவில் ஆரம்பித்த தீ 4 லட்சம் ஏக்கருக்குமேல் எரித்தது. ஒரு மலை எத்தனை தடவை சொல்லவேண்டும்?

அதற்கு அவள் உபாகமம் 22ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் இருக்கும் என்கிற கட்டளை அங்கே உண்டு. "மாடியே கட்டாதேன்னு சொல்லலையே, சுவரை வையுன்னுதானே சொல்லியிருக்கு" என்றாள். அந்த வாக்குவாதத்தில் நான் தோற்றேன். ஏனென்றால் காட்டுத்தீக்கும் கைப்பிடிச்சுவர் உண்டு. தீ மதில்போல எழும்பி வந்து வீட்டை விழுங்குகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் முதலில் வருகிறது. கூரைக்காற்றுத் துளை வழியாக உள்ளே போகும். மழைநீர்த் தகரத்தில் சேர்ந்த சருகில் விழும். மரவேலியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு வரும். பாரடைஸில் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டது என்னவென்றால், 1997க்கு முன் கட்டின வீடுகளில் 100க்கு சுமார் 12தான் தப்பின. அதற்குப்பின் கட்டினவற்றில் 38 அளவுக்குத் தப்பின. இப்போது சன்னமான கம்பிவலை, எரியாத கூரை, வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு வெறும் சரளைக்கல் என்று கட்டுகிறார்கள். 2023இல் ஊருக்குச் சைரன் கோபுரங்களும் வைத்தார்கள்.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு வீடு எரிவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, பக்கத்து வீடு எரிவது. இதை அப்போது நான் வாசித்துவிட்டு அப்படியே கடந்துபோய்விட்டேன்.

போன வருஷம் வசந்தகாலத்தில் ஒரு இளம் தம்பதியர் வந்தார்கள். கையில் குழந்தை. மனையை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளுகிறோம் என்றார்கள். அவர்கள் தந்த விலையில் சிக்கோவில் எங்களுக்கு ஒரு வீட்டுக்கு முன்பணம் தேறும். நான் ஜெயித்தேன் என்றே நினைத்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "நம்ம பிள்ளை அங்கே இருக்கக்கூடாதுன்னு ஏழு வருஷமா சொன்னீங்களே, அவங்க பிள்ளை இருக்கலாமா?"

சாதம் தொண்டையில் இறங்கவில்லை. விற்றால் ஆபத்து தீர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். ஆபத்து தீரவில்லையே, பெயர் மாற்றிப் பத்திரம் எழுதுகிறேன், அவ்வளவுதானே! கலிபோர்னியாவில் விற்கிறவர் தீ அபாயத்தை எழுதிக்கொடுக்கவேண்டும் என்று சட்டம் உண்டு. 2009இல் எனக்கும் அந்தப் பேப்பர் கொடுத்தார்கள். மற்ற பேப்பர்களோடு சேர்த்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் எழுதிக்கொடுப்பது வேறு, முகத்தைப் பார்த்துச் சொல்லுவது வேறு.

ஆகவே அவர்களை மனைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விளிம்பில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சரிவில் தீ மேல்நோக்கி எத்தனை வேகமாக ஏறும் என்பதையும், அந்த நாலு மணி நேரத்தையும் சொன்னேன். அந்த வாலிபன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். கீழே வாங்க எங்களால முடியாது" என்றான்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தெரிந்தே ஒருவர் எடுக்கிற ஆபத்தைத் தடுக்க நான் யார்? பணம் உள்ளவன் பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு இல்லாதவனுக்குப் புத்தி சொல்லுவது சுலபம். அதில் பெருமை இருக்கிறது என்று என் மனசாட்சியே என்னைக் குத்திற்று. இரண்டு வாரம் இப்படியே போனது.

அப்போதுதான் பின்தெரு அம்மாவின் போன் வந்தது. வழக்கம்போல புல்லைப் பற்றித்தான். எனக்கு அந்த ஆராய்ச்சி ஞாபகத்துக்கு வந்தது. விளிம்பில் நிற்கிற வீடு தீக்கு முதல் படி. அது பற்றினால் அடுத்தது அந்த அம்மாவின் வீடு. அந்தத் தம்பதியர் தங்களுக்காகச் சம்மதிக்கலாம், அந்த அம்மாவுக்காகச் சம்மதிக்க அவர்களால் முடியாது. என்னாலும் முடியாது. நாங்களே எத்தனை நல்ல விதிப்படி கட்டினாலும் விளிம்பு விளிம்புதான். தெருவின் நடுவில் எங்கள் மனை இருந்திருந்தால் நான் என் மனைவியின் பேச்சைக் கேட்டுக் கட்டியிருப்பேன். இதை அவளிடமும் சொன்னேன்.

அந்த ஊரின் பூங்கா நிர்வாகம் பள்ளத்தாக்கு ஓரத்து மனைகளை வாங்கிச் சேர்க்கிறது. அங்கே வீடு கட்டமாட்டார்கள். புதரை வெட்டி, மரங்களை இடைவெளிவிட்டு நிறுத்தி, ஊரைச் சுற்றி ஒரு காவலாக வைத்திருப்பது அவர்கள் திட்டம். ஒரு ஊருக்கே கைப்பிடிச்சுவர்! விலை, அந்தத் தம்பதியர் சொன்னதைவிடக் குறைவு. நன்றாகவே குறைவு. சிக்கோ வீடு என்கிற பேச்சை இப்போதைக்கு எடுப்பதில்லை, இன்னும் வாடகைதான். அந்த வாலிபனுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான். அவனை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

என் மனைவி கையெழுத்துப் போட்டாள். ஆனால் முழு மனதோடு போட்டாள் என்று சொல்லமாட்டேன். பத்திரம் முடிந்த மறுநாள் பின்தெரு அம்மாவைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்ப இனிமே புல்லுக்கு நான் யாருக்குப் போன் பண்ணறது?" என்றார்கள்.

பூங்கா ஆபீஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தேன். என் மனைவி அதை வாங்கி, அதற்குக் கீழே எங்கள் நம்பரையும் எழுதினாள்.