பெட்டியைப் பிரிக்காதே!

அந்தப் பொம்மையின் உயரம் நாலு அங்குலம்கூட இல்லை. வெறும் பிளாஸ்டிக். 2024-ல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் அது போன விலை 5,25,000 டாலர். நம்ம கணக்கில் நாலு கோடி ரூபாய்க்கும் மேல்!

பொம்மையின் பெயர் போபா ஃபெட். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வில்லன். 1979-ல் கென்னர் என்கிற பொம்மை கம்பெனி, இவன் முதுகில் பாய்ந்து போகிற ஒரு குட்டி ராக்கெட்டை வைத்து விற்பதாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, வேறொரு பொம்மையின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் பயந்துவிட்டது. ராக்கெட் பாயாதபடி ஒட்டித்தான் கடைக்கு அனுப்பினார்கள். ஏலத்தில் போனது, அதற்கு முன்னால் சோதனைக்காகச் செய்து பார்த்த சிலவற்றில் ஒன்று.

அதாவது, எந்தக் குழந்தையின் கைக்கும் போகாத பொம்மைக்குத்தான் இத்தனை விலை!

நான் பி.காம். படித்தபோது, எகனாமிக்ஸ் வாத்தியார் ஆடம் ஸ்மித்தின் தண்ணீர் - வைரம் கதையைச் சொல்வார். 1776-லேயே ஸ்மித் கேட்ட கேள்வி அது. தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஆனால், விலை இல்லை. வைரத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆனால், விலையோ எக்கச்சக்கம். பயன் வேறு, விலை வேறு. பொம்மை விஷயம் அதைவிட விநோதம். இங்கே பயன்படுத்தினாலே விலை போச்சு!

இப்போது இது பெரியவர்களின் சந்தை. ஹாங்காங்கில் 2000-ல் ஆரம்பித்த ஹாட் டாய்ஸ் கம்பெனியின் 12 அங்குல பொம்மைகளைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். நடிகரின் முகம் அச்சு அசலாக இருக்கும். துணியில் தைத்த உடுப்பு, விரல் விரலாக மாற்றுக் கைகள்... 2010 வாக்கில் 150, 200 டாலருக்குக் கிடைத்த ரகம், இன்று 300 டாலரைத் தொடுவது சகஜம். சினிமா கம்பெனிக்குக் கட்டுகிற உரிமத் தொகை, சீனத் தொழிற்சாலைகளில் ஏறிய கூலி, கப்பல் வாடகை, 2025-ல் அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி என்று காரணங்கள் நியாயமாகத்தான் இருக்கின்றன. வாங்குகிறவர்களும் பல மாதம் முன்பே பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். வந்த பிறகு? பலர் பெட்டியைப் பிரிப்பதே இல்லை.

சிரிக்காதீர்கள். நானும் அந்த ஜாதிதான்.

2013-ல் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர், என் பையனுக்கு இப்படி ஓர் அயர்ன் மேன் பொம்மையைக் கொடுத்தார். அப்போது அவனுக்கு ஒன்பது வயசு. கண்ணெல்லாம் ஜொலிக்கப் பிரிக்கப் போனவனைத் தடுத்தேன். விலையை நெட்டில் பார்த்துவிட்டேனே! "சின்னப் பசங்களுக்கு இல்லைன்னு பெட்டியிலயே போட்டிருக்கு பாரு. பெரியவனானதும் பிரிக்கலாம்" என்று பீரோ மேலே ஏற்றினேன். அவன் கொஞ்ச நாள் நாற்காலி போட்டு ஏறி, பெட்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஏறவில்லை.

பத்திரப்படுத்துவது பாவமா? இல்லை. மியூசியத்தில் இருக்கிற ஓவியத்தையும்தான் யாரும் தொடுவதில்லை. ஒரு சேகரிப்பாளர் என்னிடம் சொன்னார்: "தினமும் ராத்திரி அஞ்சு நிமிஷம் இதுங்க முன்னாடி நிப்பேன் சார். அதுதான் என் விளையாட்டு." அவரிடம் எனக்குத் தகராறு இல்லை. நாளைக்கே விலை பூஜ்யமானாலும் அவர் நிற்பார். நான் நின்றதில்லை. நான் பார்த்ததெல்லாம் நெட்டில் ஏறுகிற எண்ணை மட்டும்தான்.

இதில் வியாபாரக் கணக்கும் ஒன்று உண்டு. 1970-களின் பொம்மைகள் ஏன் விலை போகின்றன? அன்றைய பிள்ளைகள் அவற்றை மண்ணில் புதைத்தார்கள், கையை ஒடித்தார்கள், தொலைத்தார்கள். அதனால்தான் மிச்சம் இருக்கிற கொஞ்சத்துக்கு மதிப்பு. அதைப் பார்த்து, 1995-க்கு மேல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைப் பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டினார்கள். என்ன ஆச்சு? எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அபூர்வமாகவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சொற்ப விலைதான். யாரோ ஆசை தீர விளையாடி உடைத்ததன் லாபத்தைத்தான் பூட்டி வைத்தவர்கள் அனுபவிக்கிறார்கள். ஆனாலும், விளையாடியவனை ஊதாரி என்கிறோம். பூட்டி வைத்தவனை புத்திசாலி என்கிறோம்.

போன மாசம் வீட்டுக்கு வெள்ளை அடிக்க, பீரோவை நகர்த்தினோம். பெட்டி அப்படியே இருந்தது. ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. நெட்டில் பார்த்தால் அன்றைக்குப் போல இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பையனைக் கூப்பிட்டு, "பிரிச்சுடலாம்டா... வா, நீயே பிரி" என்றேன்.

அவன் தூசியைத் துடைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பத்திரமாக என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"எதுக்குப்பா? பிரிச்சா விலை போயிடும்!"