வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது

தை மாதத் தெப்பத் திருவிழா அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் நடை சாத்தியிருக்கும். விவரம் தெரியாமல் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அன்று கோபுர வாசலில் நின்று, அம்மன் எங்கே போயிருக்கிறாள் என்று விசாரிப்பார்கள். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அதிகாலையிலேயே பரிவாரத்தோடு கிளம்பி, கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போயிருப்பார்கள். காலையில் இரண்டு முறையும் இரவில் ஒரு முறையுமாகத் தெப்பத்தில் ஏறி, குளத்தின் நடுவே இருக்கும் மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்துத் தெப்பத்தை இழுப்பார்கள். அம்மனும் சுவாமியும் இரவு வீடு திரும்பும்வரை கோயில் மூடியே இருக்கும்.

மதுரைப் பக்கத்துச் சாமிகள் ஊர் சுற்றுகிறவர்கள். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருகிறார். எங்கள் சோழவந்தானில் ஜனகை நாராயணப் பெருமாளும் ஆற்றில் இறங்குகிறார். ஆனால் குடும்பத்தோடு, கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் போய் இரவில் திரும்புகிற அந்தத் தெப்ப நாள்தான் என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேர் அப்படிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோருமாகப் போகிறோம்? குடும்பத்தோடு சுற்றுலா போனோம் என்று சொல்லும் பெரும்பாலான வீடுகளில் ஒருவர் மட்டும் போயிருக்க மாட்டார். “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன்” என்று சொல்லி வாசலில் நின்று வழியனுப்பியிருப்பார்.

எங்கள் வீட்டில் அது என் அம்மா. சோழவந்தானில் இதற்குக் காரணங்கள் நிறைய இருந்தன. கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஊரை விட்டுப் போக முடியாது. அகத்தியில் ஏறி நிற்கும் வெற்றிலைக் கொடிக்கு ஈரம் குறையக் கூடாது. பருவத்தில் இலை கிள்ளி, கவுளி கட்டி, வாடுவதற்குள் சந்தைக்கு அனுப்ப வேண்டும். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. அந்த இலைக்குப் பின்னால், கொடிக்காலை விட்டு நகராத ஆட்களும், அவர்களுக்காக அடுப்பங்கரையை விட்டு நகராத பெண்களும் இருந்தார்கள். பிறகு எங்கள் கொடிக்கால் போயிற்று, மாடும் போயிற்று. அம்மா மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழாயில் தண்ணீர் வரும், சிலிண்டர் வரும், மாடியில் வத்தல் காய்கிறது என்று காரணங்கள் மாறின. முழங்கால் வலி வந்தபின் வேறு காரணமே தேவைப்படவில்லை.

விடுமுறையில் ஏதாவது ஒரு தீவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது ராமேசுவரம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, கப்பலுக்கு வழிவிட்டு நடுப்பகுதி அப்படியே மேலே எழும் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அதன்மேல் ஆசை வளர்ந்திருந்தது. மதுரையிலிருந்தே 170 கிலோமீட்டருக்கு மேல். காலையில் போய் இரவு திரும்புவது இளவட்டங்களுக்கே பெரும்பாடு. வழக்கம்போல அம்மா, “நீங்க போயிட்டு வாங்க” என்று ஆரம்பித்தார். மகள்தான் பேச்சை மறித்தாள். “அப்பத்தாவும் வரணும்னா எங்க போலாம்? அதச் சொல்லுங்க மொதல்ல.”

அந்தக் கேள்வியின் வரிசை எனக்குப் பிடித்திருந்தது. நாம் எப்போதும் இடத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதானவர்களை அழைத்துப் போகிறோம். ஆளை முன்னால் வைத்து இடத்தைத் தேடினால் வேறு விடை வருகிறது. தெப்பக்குளம் என்பதுதான் எங்களுக்கு வந்த விடை. திருமலை நாயக்கர் 1645-இல் கட்டியது. ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. நாயக்கர் மகால் கட்டுவதற்குச் செங்கல் மண் எடுத்த பள்ளம்தான் குளமாயிற்று என்பார்கள். மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் இங்கே தோண்டியபோது கிடைத்தவர் என்றும் சொல்வார்கள். நடுவில் மண்டபம், அதைச் சுற்றி மரங்கள், நாற்புறமும் தண்ணீர். எங்கள் பக்கத்தில் தீவு என்றால் இதுதான்.

போகிற விஷயத்தில் என் மனைவி ஒரு நிபந்தனை வைத்தார். சோறு கட்டப் போவதில்லை. எனக்கு அது சட்டென்று உறைத்தது. என் சிறுவயதில் ஆடிப் பதினெட்டுக்கு வைகையில் இறங்கி, நடு ஆற்று மணல் திட்டில் உட்கார்ந்து புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் சாப்பிட்டதை இன்றும் மணக்க மணக்கச் சொல்வேன். அந்தச் சோற்றுக்காக வீட்டுப் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், நாங்கள் தண்ணீரில் ஆட்டம் போட்டபோது யார் அந்தத் திட்டின் ஓரத்தில் குத்துக்காலிட்டுத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுதாகும். அடுப்பை இடம் மாற்றி வைப்பது ஓய்வாகாது. கட்டுச்சோற்றின் ருசியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு அது வேலை நாளாகவே இருக்கும்போது, குடும்பம் முழுவதும் உல்லாசமாகப் போய் வந்தோம் என்று சொல்வது உண்மையில்லை.

ஆக, வீட்டைப் பூட்டினோம். அம்மா பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். டவுன் பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து இன்னொரு பஸ். தெப்பக்குளத்தின் கல்படிகள் அகலமானவை. ஒவ்வொரு படியாக அம்மா இறங்கியபோது நாங்கள் அவசரப்படுத்தவில்லை. படகில் ஏறுவதற்கு முன் மிதவை உடையைப் புடைவைக்கு மேல் மாட்டிவிட்டார்கள். முந்தானையை அதற்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு, ஏதோ கலியாணத்துக்குப் போகிறவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். படகு மண்டபத்தைச் சுற்றி மெதுவாகப் போனது.

“இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?” என்று கேட்டார். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக வருகிறது என்றேன். “அப்ப நம்ம ஊரத் தாண்டித்தான வந்திருக்கு” என்றார். உண்மைதான். பெரியாற்று நீரும் வைகை நீருமாகக் கலந்து வருவது சோழவந்தானையும் தென்கரையையும் இரு பக்கம் விட்டு நடுவே ஓடித்தான் மதுரைக்குப் போகிறது.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எங்களில் யாரும் கேட்டிராதது. அம்மா தென்கரையில் பிறந்தவர், வாழ்க்கைப்பட்டு ஆற்றின் இந்தப் பக்கம் வந்தவர். பாவாடை கட்டிய வயதில், ஆற்றில் மாடு மேய்க்கப் போனபோது திடீரென்று தண்ணீர் வந்துவிட்டதாம். அவரும் அக்காமார்களும் மாடுகளோடு ஒரு மேட்டுத் திட்டில் ஏறிக்கொண்டார்கள். இரு பக்கமும் தண்ணீர் ஓட, பொழுது சாயும்வரை அங்கேயே இருந்திருக்கிறார்கள். கரையிலிருந்து தாத்தா கத்திக்கொண்டே இருந்தாராம். “பயமா இல்லையா அப்பத்தா?” என்றான் மகன். “அவருக்குத்தான் பயம். எங்களுக்குச் சந்தோசம். அன்னைக்கு ஒருத்தரும் எங்கள வேலைக்குக் கூப்பிட முடியல” என்றார்.

இந்தக் கதை ஏன் இத்தனை வருடம் வீட்டில் வெளியே வரவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் பால் பொங்கும், யாராவது கதவைத் தட்டுவார்கள், நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவோம். படகில் யாரும் எழுந்து போக முடியவில்லை. தண்ணீரில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டிருந்தார்கள். தூரம் போனால்தான் மனம் வீட்டை விட்டு விலகும் என்று நம்புகிறோம். தொலைவுக்குப் போயும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிய பயணங்களும் உண்டு. எழுந்து போக வழியில்லாமல் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது பக்கத்திலேயே கிடைக்குமானால், அதற்கு மேல் தூரம் எதற்கு என்று தோன்றியது.

ஆனால் அந்த இடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பையன்கள் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடினார்கள். மைய மண்டபத்துக்குச் செருப்புக் காலோடு யாரும் நடந்து போகலாம் என்றிருந்தது. தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பத்தைத் தரையில் நிறுத்தி, நிலைத்தெப்பம் என்று திருவிழாவை நடத்தி முடித்தார்கள். மீனாட்சிக்கே அந்த வருடங்களில் தண்ணீர்ப் பயணம் இல்லை. வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சீர்செய்து நீரைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் கரையில் மாலைக் கூட்டம் கூடியது, படகு ஓடியது, என் அம்மா அதில் ஏறினார். கால்வாயில் குப்பை அடைத்தால் நிலத்தடி நீர் குறையும் என்று சொல்கிறோம். பெரியவர்கள் போக முடிகிற ஓர் இடமும் அதோடு குறைந்துபோகும். நெடுந்தூரம் போகக் காசும் கால் பலமும் உள்ளவர்களுக்கு அது நஷ்டமாகவே தெரியாது.

சோழவந்தானில் நான் சாப்பிட்டு வளர்ந்த அந்த மணல் திட்டு இன்று இல்லை. மணல் போன இடத்தில் பள்ளமும் கருவேலமும் இருக்கின்றன, சாக்கடை சேரும் இடங்களில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போகிறவர்கள் கரையோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். நடக்கிற தூரத்தில் இருந்த ஒன்றை இழந்துவிட்டு, இரண்டு பஸ் மாறி அம்மாவை அழைத்துப் போனோம் என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். குளத்துக்குக் கால்வாயைத் திறக்க முடிந்த நமக்கு, ஆற்றில் ஊர்க்கழிவு கலக்காமல் தடுக்கவும் முடியும்.

பிள்ளைகள் பாம்பன் பாலத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள், போகட்டும். ஆனால் வருடத்தில் ஒரு பயணத்தையாவது, உங்கள் வீட்டில் எப்போதும் வழியனுப்பி வைக்கிறவரை முன்னால் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அவரிடமே கேளுங்கள், எங்கே போகலாம் என்று. தெப்பக்குளம் என்றால், வெயில் தாழ்ந்தபின், நாலரை மணி வாக்கில் போங்கள். கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள். படி இறங்க நேரம் கொடுங்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டாம்.