உதைப்பதற்கு முன்

ஓடுகிற வண்டிதான் தேயும், நிறுத்தி வைத்தது அப்படியே இருக்கும் என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். தார்ப்பாய் போர்த்தி, பறக்காமல் ஓரத்தில் செங்கல் வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது. ஆனால் நிற்கிற வண்டிக்குள் ஏகப்பட்ட வேலை நடக்கிறது. பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளை ஜெட்டை அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்து வரும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வழிந்து இறங்கிவிட, பிஸ்டன் ரிங் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட நண்பனின் புல்லட் அப்படித்தான் நின்றது. கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும் வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த இன்ஜினைப் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதனால் ஒரு லாபம், எந்த ஊரிலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்ட ஒரு பெரியவர் கிடைப்பார். எங்கள் தெருவுக்கு ஒரு பாய் இருக்கிறார்.

தார்ப்பாயை விலக்கியதும் தெருவே கூடிவிட்டது. எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டாக வேண்டும். "பாய், ஒரே ஒரு உதை உதைச்சுப் பாத்துடலாமே" என்றான் நண்பன். பையன்கள் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளத் தயாராக நின்றார்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது நம் ஊர் சர்வரோக நிவாரணி.

"உதைக்கிறதுக்கு என்ன தம்பி, ஒரு நிமிஷம். ரிங் ஒட்டிக் கெடந்தா போர்ல கோடு விழுந்துடும். அப்புறம் செலவு உங்களுது" என்றார் பாய். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, துணியால் மூடிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு அவ்வளவுதான். இடைவேளையோடு படத்தை நிறுத்தியதுபோல் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

மறுநாள்தான் எனக்குப் பிடித்த பகுதி. பிளக்கை மாட்டாமலே கிக்கரை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கினார். ஓரிடத்தில் தடங்கியது. அழுத்தவில்லை, விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுக்க, இன்ஜின் ஒரு சுற்று முழுசாகச் சுற்றியது. "கைக்குத் தெரியும் தம்பி, காலுக்குத் தெரியாது" என்றார். பிறகு பழைய பெட்ரோலை வடித்தார். பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் நாற்றம் வந்தது. ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிளாட்டினம் பாயிண்டை ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்தார். பழைய புல்லட்டில் நாள்பட நின்றால் ஆயில், பம்ப் வழியாக கிரேங்க் பக்கம் இறங்கித் தேங்கிவிடும். அடியிலிருந்த போல்ட்டைத் திறந்து அதையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, உதைத்துக்கொண்டே இருந்தார். பிளக் இல்லாததால் வெறும் மூச்சுச் சத்தம். போல்ட் ஓரத்தில் ஆயில் கசிந்த பிறகுதான் அதை இறுக்கி, பிளக்கை மாட்டினார்.

வண்டியையும் மனுஷனையும் பக்கத்தில் வைத்துத் தத்துவம் பேசுவது எனக்கு ஆகாத வேலை. இரும்புக்கு வீம்பு கிடையாது. எங்கே பிடித்திருக்கிறது என்று கை வைத்தால் காட்டிவிடும், மனுஷன் காட்ட மாட்டான். ஆனாலும் அன்றைக்கு ஒன்று உறைத்தது. விட்டுப்போன எதைத் திரும்ப எடுத்தாலும், ஓடுகிறதா இல்லையா என்பதை உடனே நிரூபித்தாக வேண்டும் என்று நிற்கிறோம். பாட்டை விட்டவள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை வாயைத் திறந்தால் முழுக் கீர்த்தனை வேண்டும். பத்து வருஷம் பேசாத அண்ணன் தம்பி, சாவு வீட்டில் சந்தித்தால் கட்டிப்பிடித்தாக வேண்டும். பார்க்க நிற்பவர்களுக்குச் சத்தம்தான் தேவை. சத்தம் வருவதற்கு முன் நடக்கும் வேலையை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. ஆயில் ஏறாமல் ஓடுகிற முதல் அரை நிமிஷத்தில் எவ்வளவு தேயும் என்பது, பிரித்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

வண்டியைத் திண்ணையோரத்திலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளச் சொன்னார் பாய். புகை வீட்டுக்குள் போகக் கூடாது, பெட்ரோல் எங்காவது ஒழுகித் தீப்பிடித்தாலும் அங்கே சுவர் இல்லை. பக்கத்தில் ஒரு வாளி மணல். கிளட்சைப் பிடித்துக்கொண்டு சில உதைகள், ஒட்டிய பிளேட் விடுவதற்கு. அப்புறம் சாவி, ஆம்ப் மீட்டர் முள், டீகம்ப்ரஸர், ஒரு உதை. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. கைதட்டல். நண்பன் ஆக்சிலேட்டரை முறுக்கப் போனான். பாய் அவன் கையைத் தட்டிவிட்டார்.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. சூடு ஏறியதும் நிறுத்தி, புது ஆயிலையே திரும்ப வடித்தார், உள்ளே கழுவிய அழுக்கு அதில் வந்துவிடும் என்று. வெடித்த டயர், இறுகிய பிரேக் கேபிள், காலாவதியான ஆர்.சி., இன்சூரன்ஸ். ரோட்டுக்கு வர மாதக் கணக்காகும்.

அந்த இடைவெளியில் ஒரு நாள் டீக்கடையில் நண்பன் புலம்பினான். மகன் ராங்க் கார்டில் கையெழுத்து வாங்க இன்னும் சித்தப்பாவிடம்தான் போகிறானாம். "நான் இங்கதானடா இருக்கேன்" என்றான். இந்த வருஷம் சித்தப்பாவே போடட்டும், நீ அவனை ஸ்கூலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா, போதும் என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது.