களைப்பு குற்றமாகுமா?

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் முடங்கிக் கிடந்ததை வணிகர்களாகிய நாம் மறக்கவில்லை. சிராங்கூன் சாலையில் மளிகைக் கடைகள் திறந்திருந்தன. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் அடைபட்டன. பள்ளிவாசல்கள் மார்ச்சு 13இலேயே மூடப்பட்டுவிட்டன. ஏப்ரல் 8 முதல் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம். அவ்வாண்டின் றமலான் முழுதும் அந்நாட்களுக்குள் வந்துபோயிற்று.

வியாபார நட்டத்தைப் பேசாதவர் இல்லை. வீட்டுக்குள் நடந்ததைப் பேசினவர் சொற்பம். அடுக்குமாடி வீட்டில் ஒரே கைப்பேசியில் இரு பிள்ளைகளுக்குப் பாடம், ஸஹர் சமையல், பள்ளிவாசலில் வாங்கிவரும் நோன்புக் கஞ்சியையும் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும். எல்லைகள் அடைபட்டதால் ஊரிலிருந்து தாயாரோ மாமியாரோ வந்து கைகொடுக்க வழியில்லை. "என்னால் முடியவில்லை" என்று ஒரு தாய் சொன்னால், "பெற்ற பிள்ளை பாரமா? அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்கலாமா?" என்று கேட்டு வாயடைத்தவர் நம்மவரில் உண்டு. அக்கேள்வி நியாயந்தானா?

பெல்ஜிய நாட்டு லூவான் பல்கலைக்கழகத்து ரோஸ்காம், மிக்கோலாய்சாக் என்னும் இரு அறிஞர்கள் பெற்றோரின் இச்சோர்வைப் பல்லாண்டாக ஆராய்ந்தவர்கள். பளுவும் துணையும் தராசின் இரு தட்டுகள் என்கின்றனர். பளு நெடுநாள் மிஞ்சினால் முதலில் உடலும் உள்ளமும் ஓய்ந்துபோகும். பிறகு பிள்ளையிடமிருந்து மனம் விலகும். குறையே இல்லாமல் வளர்க்க வேண்டுமென்று பாடுபடுவோரையும் இது பிடிக்கிறது. அன்பற்றவருக்கு வரும் நோயன்று. தராசு நமக்குப் புதியதா? தட்டுத் தாழ்ந்தால் தராசையா ஏசுவோம்?

யஃகூப் நபி அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வையே இழந்தார்கள். இறையருளில் நம்பிக்கை இழக்கலாகாதென்று மற்ற மக்களுக்குச் சொன்னவர்களும் அவர்களே. கண்ணீரும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருந்தன. ஆகவே சோர்ந்தவளை நிராசை கொண்டவள் என்பது தவறு. ஆனால் அச்சோர்வைத் தனியே சுமக்க விட்டால் நிராசைக்குக் கதவு திறக்கும், திறந்தவர், விட்டவரே.

கணவன்மாருக்கும் பாரம் இருந்தது. கடை வாடகை, ஆட்களின் சம்பளம் என்று மருகினார்கள். கணக்கை மனைவியிடம் மறைத்து, கோபத்தை மட்டும் காட்டினவர்கள் பலர். நட்டம் இவ்வளவு என்று தெரிந்த மனைவி பொறுத்திருப்பாள். காரணந் தெரியாத கோபத்தை எப்படிப் பொறுப்பாள்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். கடைகள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இரவு பத்துக்கு வீடு திரும்பும் நாம், வாரத்தில் இரு நாள் எட்டுக்கே திரும்பிப் பிள்ளைகளின் பாடத்தை ஏற்றுக்கொண்டால் கல்லாவில் எவ்வளவு குறையும் என்பதை இம்மாதக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.