இன்மைக்கும் ஓர் இடம் உண்டு

இல்லாமை என்பதும் ஒரு பொருளா, அதை அறியத் தனி அளவை, அதாவது அறியும் வழி, வேண்டுமா என்னும் வினாவை இந்தியத் தருக்க மரபு நெடுங்காலம் ஆராய்ந்தது. பிற்கால வைசேடிகர் அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாம் பதார்த்தமாக ஏற்றனர். மீமாஞ்சகருள் குமாரிலரைச் சார்ந்தோர் அதை அறிவிக்கும் தனி அளவையாக அனுபலப்தியை, அதாவது காணப்படாமையை, கொண்டனர். பிரபாகரரைச் சார்ந்தோர் இவ்விரண்டையும் மறுத்தனர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரோ அபாவத்தையும் அளவைகளுள் எண்ணிவிட்டு, எல்லா அளவைகளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் என்கிறது.

தருக்க நூலோர் கண்ட எடுத்துக்காட்டு, குடமில்லாத வெறுந்தரை. குடம் போனாலும் தரை அங்கேயே இருப்பதால், எது இல்லை, எங்கே இல்லை என்னும் இரண்டும் அங்கு ஐயமின்றித் தெரிகின்றன. மார்பகத்தைக் காத்துப் புற்றுக்கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு அகற்றும் அறுவையிலோ, கட்டி இருந்த இடமே, மருத்துவர் 'டியூமர் பெட்' என்பது, நிலையாக நிற்பதில்லை. குழியில் ஊறிய நீர் சில வாரங்களில் வற்றிச் சுருங்குகிறது; வடிவம் கெடாதிருக்கத் திசுக்களை நகர்த்தித் தைக்கும்போது குழியின் சுவர்கள் இடம் மாறுகின்றன; காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் கீறப்பட்டிருந்தால், தோலில் உள்ள தழும்பு கட்டி இருந்த இடத்தைக் காட்டாது. ஆகவே, பின்னர்க் கதிர்வீச்சு செலுத்த வேண்டிய இடம் தெரியும்படி, அறுவை மருத்துவர் குழியின் சுவர்களில் சிறு டைட்டானியம் கிளிப்புகளைப் பொருத்துகிறார். சி.டி. ஸ்கேனில் வெண்புள்ளிகளாகத் தெரியும் அவை காண்டல். அவற்றை இணைத்து எல்லை வரைவது கருதல். அறுவைக் குறிப்பு உரை.

ஸ்கேனில் புற்று எதுவும் தெரியாதபோது கதிர்வீச்சு எதற்கு என்னும் வினாவுக்கும் தருக்கத்தில் விடை உண்டு. இருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் தகுதியுடைய பொருளுக்கே காணாமை இன்மையின் சான்றாகும். எஞ்சியிருக்கக்கூடிய நுண்ணிய புற்றணுக்களுக்கு அத்தகுதி இல்லை. மார்பகம் முழுவதற்கும் 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுத்தபின் கட்டியிருந்த இடத்துக்கு மட்டும் 16 கிரே கூட்டிய ஐரோப்பிய ஆய்வில், நோய் அம்மார்பகத்தில் மீள்வது குறைந்தது; எனினும் 20 ஆண்டுகளின் முடிவில் உயிர்வாழ்வு கூடவில்லை, திசு இறுகும் தீங்கு மிகுந்தது. எல்லை தவறினால் பயன் போகும், விரிந்தால் தீங்கு கூடும் என்பதால், கிளிப்புகளை வைப்பதும் அவற்றின் இடத்தைக் குறிப்பில் தெளிவாக எழுதுவதும் அறுவை மருத்துவரின் நீங்காக் கடமை.