வீடு காக்கும் செலவு

வீட்டின் விலை ஒருமுறை கொடுக்கப்படுகிறது. அதைக் காக்கும் செலவோ நாள் குறிப்பிடாமல் வருகிறது. ஓராண்டு வாளாவிருந்து, மறு ஆண்டு கூரையையே கேட்கும். அநித்தியம் என்பதை நூலில் கற்ற உபாசகருள் சிலர், அழியக்கூடிய பொருளுக்கு ஏன் செலவிடல் வேண்டும் என வினவுகின்றனர். கேட்பதற்கு இது துறவுபோல் இருக்கிறது.

அந்தமான் தீவுகளில் இவ்வினாவுக்கு விடை கண்கூடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் மழை. போதாததற்கு உப்புக் காற்று. கூரைத் தகட்டில் ஆணி அடித்த துளையிலேயே துரு தொடங்கிவிடுகிறது. சிமெண்டும் இரும்பும் கப்பலேறி வரவேண்டியிருப்பதால் கப்பற்கூலியும் விலையோடு சேரும். ஆங்கிலேயர் தலைமையிடமாயிருந்த ராஸ் தீவில், 1941 நிலநடுக்கத்திற்கும் 1942இல் ஜப்பானியர் வந்ததற்கும் பின் பேணுவாரற்ற மாளிகைகளின் சுவர்களை இன்று மரவேர்கள் பற்றி நிற்கின்றன.

கார் நிக்கோபாரின் நிலை வேறு. அங்கே தூண்களின்மேல் எழுப்பிய வட்டவடிவக் கூரைவீடுகள் இருந்தன. துஹெத் எனும் கூட்டுக்குடும்பத்தார் சேர்ந்து பழுது பார்ப்பர். புல்லும் மரமும் தீவிலேயே கிடைக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் அரசு இரும்புச் சட்ட வீடுகளைத் தனித்தனிக் குடும்பங்களுக்குக் கட்டித் தந்தது. வீடு இலவசந்தான். ஆனால் துருவேறிய தகட்டுக்கு மாற்று, தீவின் மண்ணில் முளைப்பதில்லையே! உறவினர் கைகளால் தீர்ந்த பழுது, காசால் தீரவேண்டியதாயிற்று. நனைந்து நின்றோருக்கு விரைந்து கூரை தந்தவரைக் குறை கூறலாகாது. எனினும், வீட்டைத் தானம் செய்வோர் அதன் பத்தாம் ஆண்டையும் எண்ணிப் பார்ப்பது தானத்தின் ஒரு பகுதியே.

பகவன் புத்தர் இல்லறத்தானாகிய சிகாலனுக்கு வருவாயை நான்காகப் பகுக்கச் சொன்னார்: ஒன்று அனுபவத்திற்கு, இரண்டு தொழிலுக்கு, நான்காவது இடர்க்காலத்திற்கு. ஒழுகும் கூரை அத்தகைய இடரே. அதற்குச் சேமிப்பதைப் பற்று என்பது பொருந்தாது. நனைவது தன் குழந்தையாயிருக்கத் தன் துறவைப் பேசுவது எவ்வகை அறம்? வாடகைக்கு விட்ட வீட்டின் ஒழுகலை அநித்தியத்தின்மேல் சாற்றும் உரிமையாளரும் உளர். அவர் வாடகையை மட்டும் நித்தியமென்று கருதுகிறார் போலும்.

அண்டை வீட்டாரின் புதுவண்ணம் கண்டு, நல்ல சுவருக்கு மீண்டும் வண்ணம் அடிக்கும்போதுதான் பற்று தலைகாட்டுகிறது. அச்செலவுக்கு எல்லையும் இல்லை. கூரையின் செலவுக்கு எல்லை உண்டு. தீவுகளில் மே மாதம் மழை இறங்குமுன், வறண்ட மாதங்களிலேயே ஏணி வைத்து ஆணிகளைப் பார்த்துவிடுவோர்க்கு அது இன்னும் குறைவு.